8.4, 10.5, 14: ஸ்டீரியோ கேமரா ஏன் இந்த எண்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். இரண்டு வெப்கேமராக்களை 6 செ.மீ. இடைவெளியில் ஒரு மரப்பட்டையில் பொருத்தி, சதுரங்கக் கட்டம் அச்சடித்த தாளைக் காட்டி, ஓப்பன்சிவி என்ற படக் கணிப்பு மென்பொருளில் காலிபரேஷன் (கேமராக்களின் உள் அளவுகளையும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதையும் கணக்கிடுவது) செய்திருக்கிறீர்கள். ஃபோக்கல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) ஏறக்குறைய 700 பிக்சல் என்று வந்திருக்கிறது. 2 மீட்டர் வரை தூரம் நன்றாக வருகிறது. ஆனால் 10 மீட்டரில் இருக்கும் வாசல் கேட்டைக் காட்டினால் ஒரு ஃபிரேமில் 8.4 என்கிறது, அடுத்ததில் 10.5, அதற்கடுத்து 14. நடுவில் வேறு எண்ணே வருவதில்லை. கேமராக்களை நம் கண்ணைப் போலக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்தால் சரியாகுமா, எபிபோலார் கோடு என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்களே அது எதற்கு, என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்று எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 700-ஐ 0.06-ஆல் பெருக்குங்கள், 42 வரும். 42-ஐ 5-ஆல் வகுத்தால் 8.4. 4-ஆல் வகுத்தால் 10.5. 3-ஆல் வகுத்தால் 14. உங்கள் கேமரா கேட்டின் தூரத்தை மாற்றி மாற்றிச் சொல்லவில்லை, 5 பிக்சலா 4 பிக்சலா 3 பிக்சலா என்றுதான் தடுமாறுகிறது. ஸ்டீரியோவைப் பற்றி ஒன்றே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது இதுதான்: இரண்டு கேமராக்கள் தூரத்தை அளப்பதே இல்லை. ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் எத்தனை பிக்சல் தள்ளித் தெரிகிறது என்பதை மட்டும்தான் அளக்கின்றன. தூரம் அதன் தலைகீழ்.

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். பின்னணியில் விரல் ஒரு தாவு தாவும். கை நீளம் கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. அதனால் எதிரே தூரத்தில் நிற்கும் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு பஸ்ஸின் முன்முனையிலிருந்து பின்முனை வரை விரல் தாவினால், பஸ் சுமார் 100 மீட்டரில் நிற்கிறது என்று அர்த்தம். கருவியே இல்லாமல் வடிவொத்த முக்கோணங்களை வைத்து எடுத்த அளவு அது. உங்கள் கேமராவும் இதையேதான் செய்கிறது. கண் இடைவெளிக்குப் பதிலாக அங்கே பேஸ்லைன், விரலின் தாவலுக்குப் பதிலாக டிஸ்பாரிட்டி. இணையாக வைத்த இரண்டு கேமராக்களுக்குச் சூத்திரம் ஒரு வரிதான்: தூரம் = ஃபோக்கல் லெங்த் × பேஸ்லைன் ÷ டிஸ்பாரிட்டி. ஃபோக்கல் லெங்த்தும் டிஸ்பாரிட்டியும் பிக்சலில், பேஸ்லைன் மீட்டரில்.

இதில் எண்களைப் போட்டுப் பாருங்கள். 1 மீட்டரில் உங்கள் டிஸ்பாரிட்டி 42 பிக்சல், 2 மீட்டரில் 21, 5 மீட்டரில் 8.4, 10 மீட்டரில் 4.2, 20 மீட்டரில் 2.1. முதல் ஒரு மீட்டர் நகர்வுக்கு 21 பிக்சல் மாற்றம் கிடைக்கிறது. 10-லிருந்து 20 வரை பத்து மீட்டர் நடந்தாலும் 2.1 பிக்சல்தான். இரண்டு படங்களிலும் ஒரே புள்ளியைத் தேடிப் பொருத்தும்போது அரைப் பிக்சல் தவறு வருகிறது என்று வைத்துக்கொண்டால் 1 மீட்டரில் அது 1.2 செ.மீ., 2 மீட்டரில் 5 செ.மீ., 5 மீட்டரில் 30 செ.மீ., 10 மீட்டரில் 1.2 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் தவறு நான்கு மடங்காகும், வர்க்கமாக வளரும். ஆக 2 மீட்டர் வரை நன்றாக வந்தது உங்கள் காலிபரேஷன் பிரமாதமாக இருந்ததற்குச் சாட்சி இல்லை. கிட்டத்தில் எந்தத் தவறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தவறு உண்மையில் எதைப் பொறுத்தது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1. 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. சுமார் 618 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, 26 டிகிரி முன்னால் சாய்ந்த ஒரு கேமராவும் 5 டிகிரி பின்னால் சாய்ந்த இன்னொரு கேமராவுமாக, ஒரே நிலத்தைச் சுமார் 52 வினாடி இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்தது. அந்த 52 வினாடியில் செயற்கைக்கோள் முந்நூறு கி.மீ.க்கு மேல் பறந்திருக்கும், அதுதான் அதன் பேஸ்லைன். அத்தனை உயரத்திலிருந்து மலையும் பள்ளமும் சில மீட்டர் துல்லியத்தில் கிடைத்ததற்குக் காரணம், பேஸ்லைனைத் தூரத்தால் வகுத்தால் 0.6 வருகிறது. அது நல்ல அகலமான முக்கோணம். உங்கள் கேட்டுக்கு இதே விகிதம் 0.06-ஐ 10-ஆல் வகுத்தது, அதாவது 0.006. அடிப்பக்கம் 6 செ.மீ., மற்ற இரண்டு பக்கங்களும் பத்துப் பத்து மீட்டர், ஊசி மாதிரி ஒரு முக்கோணம். ஊசியின் நுனி எங்கே இருக்கிறது என்று அடியில் உள்ள இரண்டு கோணங்களை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள். கோணம் இம்மி பிசகினாலும் நுனி எங்கேயோ போய்விடும்.

சரி, இப்போது முதல் கோளாறு. டிஸ்பாரிட்டி 5, 4, 3 என்று முழு எண்ணாக மட்டும் வருவது வடிவியலின் குற்றம் இல்லை. ஓப்பன்சிவியில் இந்தப் பொருத்தும் வேலையைச் செய்யும் ஸ்டீரியோ பொருத்திகள் பிக்சலுக்கும் நுண்ணிய அளவைக் கணக்கிட்டு, 16-ஆல் பெருக்கி முழு எண்ணாகத் தருகின்றன. 4.25 பிக்சல் என்றால் 68 என்று வரும். அதை 16.0-ஆல், தசம எண்ணாக மாற்றி வகுக்க வேண்டும். முழு எண் வகுத்தலில் வகுத்தாலோ, திரையில் காட்டுவதற்காக 8 பிட் படமாக மாற்றி அதிலிருந்து தூரம் எடுத்தாலோ, பின்னம் முழுவதும் போய்விடும். நீங்கள் நிச்சயம் இந்த இரண்டில் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள், இல்லையென்றால் இவ்வளவு சுத்தமாக 8.4, 10.5, 14 வராது. இதைத் திருத்தினாலே தாவல் நின்று எண் 10-ஐ ஒட்டி மெல்ல அலைய ஆரம்பிக்கும்.

அலைவது குறைந்த பிறகு இரண்டாவது கோளாறு தலைகாட்டலாம்: எண் நிலையாக நிற்கும், ஆனால் தவறான இடத்தில் நிற்கும். இதில் நானே நன்றாக மாட்டிக்கொண்டேன். பிளைவுட் பட்டையில் இரண்டு கேமராக்களைத் திருகி, காலையில் அறைக்குள் காலிபரேஷன் முடித்துவிட்டு, மதியம் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். 10 மீட்டரில் இருந்த தண்ணீர்த் தொட்டி 14 மீட்டரில் இருப்பதாக அடம் பிடித்தது. சாயங்காலம் கீழே கொண்டுவந்தபோது பழையபடி சரியாக இருந்தது. புரோகிராமை இரண்டு நாள் குடைந்தேன், தவறு அதில் இல்லை, வெயிலில் பட்டை வளைந்திருந்தது. எவ்வளவு வளைந்தால் இப்படி ஆகும் என்று கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும்: ஒரு கேமரா பக்கவாட்டில் 0.1 டிகிரி திரும்பினாலே 700 பிக்சல் ஃபோக்கல் லெங்த்துக்குப் படம் 1.2 பிக்சல் நகரும். 4.2 ஆக இருக்க வேண்டிய டிஸ்பாரிட்டி 3 ஆகிவிடும், 10 மீட்டர் 14 மீட்டராகிவிடும். 0.1 டிகிரி என்பது 6 செ.மீ. நீளத்தில் 0.1 மில்லிமீட்டர், அதாவது கேமராவின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஒரு ஏ4 தாளைச் செருகினால் ஆகும் சாய்வு. அதற்கப்புறம் நான் அலுமினிய சதுரக் குழாயைத் தவிர வேறெதிலும் கேமரா பொருத்துவதில்லை.

இந்தத் தவறு ஏன் மோசமானது என்றால், எல்லோரும் செய்யும் சோதனையில் இது அகப்படாது. ரெக்டிஃபிகேஷன் (கேமராக்கள் இணையாக நின்றது போலப் படங்களைக் கணக்கில் சுழற்றித் திருத்துவது) முடிந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்கே கிடைக்கோடு போட்டு, ஒரே மூலை இரண்டிலும் ஒரே கோட்டில் உட்காருகிறதா என்று பார்ப்போம். மேல்கீழ் பிசகை அது காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டுத் திருப்பம் 0.1 டிகிரி என்றால் 640×480 படத்தின் மூலையில்கூட மேல்கீழாக 0.2 பிக்சல்தான் மாறும், கண்ணில் படாது. பக்கவாட்டுத் திருப்பம் செய்வதெல்லாம் எல்லா டிஸ்பாரிட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவைக் கூட்டுவதோ கழிப்பதோதான். இதைப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு செல்போன் டவரைப் படம் எடுங்கள். உங்கள் அமைப்பில் அதன் டிஸ்பாரிட்டி 0.08 பிக்சல், அதாவது பூஜ்யம்தான். அங்கே 1.2 வந்தாலும் மைனஸ் 0.8 வந்தாலும், அது அப்படியே உங்கள் கேமரா திரும்பியிருக்கும் அளவு. எல்லா டிஸ்பாரிட்டியிலிருந்தும் அதைக் கழித்துவிட்டுத் தூரம் கணக்கிட்டுப் பாருங்கள்.

கண்ணைப் போல உள்பக்கம் திருப்புவது பற்றி: வேண்டாம். நம் விழித்திரையில் நடுவில் ஒரு சின்னப் பகுதியில்தான் கூர்மையாகத் தெரியும், பார்க்கும் பொருளை அந்த இடத்தில் விழ வைக்கத்தான் கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திருப்பினால் முக்கோணத்தின் அடிப்பக்கம் நீளாது, எனவே துல்லியமும் கூடாது. ரெக்டிஃபிகேஷன் அந்தத் திருப்பத்தை எதிர்த் திசையில் திருப்பி இழுத்துச் சரிசெய்வதில் படத்தின் ஓரங்கள்தான் வீணாகும். முடிந்தவரை இணையாக வையுங்கள், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

இப்போது எபிபோலார் கோடு. இதற்குத் தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுங்கள். ஒரு முனை இடது கண்ணுக்கு நேராக இருக்கும்படி, கண்ணிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதிரே நேராகப் பிடியுங்கள். வலது கண்ணை மூடினால் குச்சி வெறும் புள்ளியாகத் தெரியும், அதன் நீளம் எவ்வளவு என்றே சொல்ல முடியாது. இப்போது இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள், முழுக் குச்சியும் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் எபிபோலார் கோடு. இடது படத்தில் ஒரு பிக்சலைத் தொட்டால் அது ஒரு கதிர். அதன் மேல் எந்தத் தூரத்தில் பொருள் இருந்தாலும் இடது கேமராவுக்கு அதே பிக்சல்தான். ஆனால் வலது கேமராவுக்கு அந்தக் கதிர் ஒரு கோடாக விரிகிறது, பொருள் அந்தக் கோட்டில் ஏதோ ஓரிடத்தில்தான் இருந்தாக வேண்டும். 640×480 படத்தில் மூன்று லட்சத்துச் சொச்சம் பிக்சல்களில் தேட வேண்டியது, ஒரு வரியில் சில நூறு பிக்சல்களில் தேடுவதாகச் சுருங்குகிறது. வேகம் கூடுவது ஒரு பக்கம், தவறான பொருத்தங்கள் வாசலிலேயே தடுக்கப்படுவது இன்னும் பெரிய லாபம்.

எல்லா எபிபோலார் கோடுகளும் ஒரு புள்ளியில் கூடும், அது வலது படத்தில் இடது கேமரா தெரிய வேண்டிய இடம். கேமராக்கள் இணையாக இருந்தால் அந்தப் புள்ளி முடிவிலிக்குப் போய்விடும், கோடுகள் எல்லாம் கிடைக்கோடுகளாகிவிடும். ரெக்டிஃபிகேஷன் என்று நாம் செய்வது இதைத்தான்: இரண்டு படங்களையும் கணக்கிலேயே சுழற்றி, கேமராக்கள் கச்சிதமாக இணையாக நின்றிருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அதைத் தயாரிப்பது. சுழற்றுவதற்குத் தூரம் தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் கேமராவை நின்ற இடத்திலேயே திருப்புவதால் தூரத் தகவல் எதுவும் கூடவோ குறையவோ செய்யாது. ஒரே கேமராவை ஸ்டாண்டில் வைத்து இடமும் வலமும் திருப்பி எடுத்த படங்களிலிருந்து ஆழம் எடுக்க முடியாததும் இதனால்தான். கேமரா இடம் பெயர்ந்தால்தான் முக்கோணம் உண்டாகும்.

ஃபண்டமென்டல் மேட்ரிக்ஸ் என்பது இந்த ஈர்க்குச்சி விஷயத்தை 3×3 அட்டவணையில் எழுதியது, வேறொன்றும் இல்லை. இடது பிக்சலைக் கொடுத்தால் வலது கோட்டைத் தரும். கேமராவின் உள் அளவுகள் (ஃபோக்கல் லெங்த் போன்றவை) தெரிந்து அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எசென்ஷியல் மேட்ரிக்ஸ், அதில் இருப்பது ஒரு சுழற்சியும் நகர்வின் திசையும் மட்டும். 1981-ல் கிறிஸ்டோஃபர் லாங்கே-ஹிக்கின்ஸ் 'நேச்சர்' இதழில், எட்டுப் பொருத்தப் புள்ளிகள் இருந்தால் சாதாரண நேரியல் சமன்பாடுகளாலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார். பிக்சல் எண்களை அப்படியே போட்டால் அந்த முறை படுமோசமாக ஆடும் என்று பலர் அதை ஒதுக்கியிருந்தார்கள். 1997-ல் ரிச்சர்ட் ஹார்ட்லி, புள்ளிகளின் மையத்தை ஆதிக்கு நகர்த்தி, சராசரித் தொலைவு இரண்டின் வர்க்கமூலம் ஆகும்படி அளவு மாற்றிவிட்டுச் செய்தால் அதே எட்டுப் புள்ளி முறை நன்றாகவே வேலை செய்யும் என்று நிறுவினார். நீங்களே எழுதிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் படியை விடாதீர்கள், இரண்டு நிமிட வேலை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள், நகர்வின் திசைதான் கிடைக்கும், நீளம் கிடைக்காது. நிஜ வீட்டைப் பெரிய இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களும், அதன் சிறிய மாதிரியை அதே விகிதத்தில் சிறிய இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். மீட்டர் என்ற அளவை உங்கள் கணக்குக்குள் கொண்டுவருவது சதுரங்கத் தாளின் கட்ட அளவு ஒன்றுதான். 25 மி.மீ. என்று புரோகிராமில் எழுதியிருப்பீர்கள். பிரிண்டர் பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கி 24 மி.மீ. அச்சடித்திருந்தால் எல்லாத் தூரமும் 4 சதவீதம் கூடுதலாக வரும், 10 மீட்டர் 10.4 ஆகும். ஸ்கேலை வைத்துப் பத்துக் கட்டங்களைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். தாளைக் கண்ணாடியிலோ தட்டையான பலகையிலோ ஒட்டுங்கள், சுருண்ட தாள் ஃபோக்கல் லெங்த்தையே கெடுத்துவிடும்.

வடிவியல் முழுவதும் சரியாக இருந்தாலும், அந்த ஒரு வரியில் எந்தப் பிக்சல் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பொருள் என்னவென்று தெரியாமலேயே இதைச் செய்ய முடியும் என்பது ஒரு அருமையான கண்டுபிடிப்பு. பள்ளியில் சமனச்சுற்றில் படித்தோமே, அதே சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-ல், கண்ணாடிகளை வைத்து இரண்டு தட்டையான கோட்டோவியங்களை இரண்டு கண்களுக்கும் தனித்தனியாகக் காட்டினால் ஆழம் தெரிகிறது என்று நிரூபித்தார். 1960-ல் பேலா யூலெஷ் கணினியில் வெறும் தாறுமாறான புள்ளிகளை உண்டாக்கி, ஒரு படத்தில் நடுச் சதுரத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு கண்ணால் பார்த்தால் வெறும் இரைச்சல், இரண்டு கண்ணாலும் பார்த்தால் சதுரம் மிதக்கும். ஆனால் அதற்குப் புள்ளிகள் வேண்டும். வெள்ளையடித்த சுவரில் பொருத்த எதுவுமே இல்லை. பேஸ்லைனுக்கு இணையாக ஓடும் மின்கம்பியில் எல்லாப் பிக்சலும் ஒன்றுபோலவே இருக்கும். கம்பி கம்பியாக இருக்கும் கேட் அதைவிட ஏமாற்றும், ஒரு கம்பியை அடுத்த கம்பியோடு பொருத்திவிட்டால் தூரம் கன்னாபின்னாவென்று மாறும். உங்கள் சோதனைப் பொருள் கேட் என்பதால் சொல்கிறேன், அதன் மேல் ஒரு பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டுச் சோதியுங்கள்.

அசையும் பொருளை அளக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு தனித்தனி யுஎஸ்பி வெப்கேமராக்கள் உதவாது. இரண்டும் ஒரே கணத்தில் படம் எடுப்பதில்லை, 30 மில்லிவினாடி வரை முன்பின்னாகும். 5 மீட்டரில் குறுக்கே சாதாரணமாக நடப்பவர் அதற்குள் 4 செ.மீ. நகர்ந்திருப்பார், படத்தில் அது 6 பிக்சல். அவருடைய உண்மையான டிஸ்பாரிட்டியே 8.4-தான். ஒரு திசையில் நடந்தால் 3 மீட்டரில் இருப்பதாகவும், எதிர்த் திசையில் நடந்தால் 17 மீட்டரில் இருப்பதாகவும் வரும். ஒரே மின்துடிப்பில் இரண்டும் படம் எடுக்கும் கேமரா ஜோடிதான் இதற்குத் தீர்வு.

கடைசியாக, 6 செ.மீ. போதுமா? 10 மீட்டர்தான் உங்கள் குறி என்றால் போதாது. 30 செ.மீ. ஆக்குங்கள். கேட்டின் டிஸ்பாரிட்டி 4.2-லிருந்து 21 ஆகும், அரைப் பிக்சல் தவறு 1.2 மீட்டருக்குப் பதிலாக 24 செ.மீ. ஆகும். பதிலுக்குக் கிட்டத்தில் இழப்பீர்கள்: டிஸ்பாரிட்டியை 128 பிக்சல் வரை தேடினால் இப்போது 33 செ.மீ. அருகில் வரை அளக்கலாம், பேஸ்லைன் நீண்ட பிறகு 1.64 மீட்டருக்குள் வரும் எதுவும் கிடைக்காது. இதற்கு நடுவழி ஒன்றும் இல்லை. 2004-ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளைச் செய்தவர்கள்கூட ஒரே பேஸ்லைனில் சமாளிக்கப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்க்க அகலக் கோணத்தில் 10 செ.மீ. இடைவெளி, வழி தேட 20 செ.மீ., தூரத்து நிலத்தைப் பார்க்க 16 டிகிரி குறுகிய கோணத்தில் 30 செ.மீ. என்று தனித்தனி ஜோடிகள் வைத்தார்கள். குறுகிய கோணம் என்றால் பிக்சலில் ஃபோக்கல் லெங்த் கூடும், பேஸ்லைனைக் கூட்டுவதற்குச் சமமான பலன் அது. நம் சந்திரயான்-3-இன் பிரக்யானிலும் இரண்டு வழிகாட்டும் கேமராக்கள் இருந்தன, அவை எடுத்த இடது வலது படங்களைச் சேர்த்துச் சிவப்பு-நீலப்பச்சைக் கண்ணாடியில் பார்க்கும் முப்பரிமாணப் படமாக இஸ்ரோ 2023 செப்டம்பரில் வெளியிட்டது. அந்தக் கண்ணாடி கையில் இருந்தால் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள், விக்ரம் தரையிலிருந்து எழும்பி நிற்பது தெரியும்.

முதலில் அந்த 16.0 வகுத்தலைத் திருத்துங்கள். அப்புறம் டவரைப் படம் எடுத்து, அதன் டிஸ்பாரிட்டி எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள், பேஸ்லைனை மாற்றும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.